உதடு மூடிய பிறகு வரும் வசனம்

மடிக்கணினியில் படம் ஓடுகிறது. கதாநாயகன் பேசி முடித்து வாயை மூடிவிட்டார். வசனத்தின் கடைசிச் சொல் இப்போதுதான் மேசைமேல் இருக்கும் புளூடூத் ஸ்பீக்கரிலிருந்து வந்து சேருகிறது. போதாக்குறைக்கு நடுநடுவே ‘பட், பட்’ என்று ஒரு வெடிப்பு. லினக்ஸுக்குப் புதிதாக மாறிய பலரும் சீக்கிரமே சந்திக்கிற தொல்லை இது. உடனே இணையத்தில் தேடி, கிடைத்த கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக டெர்மினலில் ஒட்டிப் பார்ப்பார்கள். சில நேரம் சரியாகும். எதனால் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும்.

தாமதத்தையும் வெடிப்பையும் தனித்தனிக் கோளாறுகளாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பெரும்பாலான வேளைகளில் இவை ஒரே துலாக்கோலின் இரண்டு தட்டுகள். தாமதத்தைப் பிடித்து அமுக்கினால் வெடிப்பு மேலே வரும். வெடிப்பை அடக்கினால் தாமதம் கூடும். காரணம், ஒலி வந்து காத்திருக்கும் இடமான பஃபர். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு மொட்டைமாடித் தொட்டிதான் தைரியம். தொட்டி பெரிதென்றால் லாரி அரை நாள் பிந்தினாலும் குழாய் நிற்காது; ஆனால் இன்று இறங்கிய தண்ணீர் குழாய்க்கு வர நாளாகும். தொட்டி சிறிதென்றால் தண்ணீர் புதிது. லாரி கொஞ்சம் பிந்தினாலே குழாயில் காற்று சீறும். அந்தச் சீறல்தான் ஸ்பீக்கரில் வெடிப்பு.

புளூடூத்தில் வரத்து ஏன் இவ்வளவு நிச்சயமில்லாதது? புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை. உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட பட்டை என்பதால் வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. இந்த நெரிசலைச் சமாளிக்க புளூடூத் தன் பட்டையை ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒரு விநாடிக்கு 1600 முறை வரை தடம் தாவுகிறது. எந்தத் தடத்தில் இரைச்சல் அதிகமோ அதைத் தவிர்க்கும் சாமர்த்தியம் 2003-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து உண்டு. ஆனால் எவ்வளவு தவிர்த்தாலும் குறைந்தது 20 தடங்களாவது புழக்கத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு வைஃபை ரௌட்டர் சாதாரணமாக 20 மெகாஹெர்ட்ஸை அடைத்துக்கொள்ளும். அடுக்ககத்தில் மூன்று வீடுகள் மூன்று தனித்தனி அலைவரிசைகளில் ரௌட்டர் வைத்திருந்தால் 60 தடங்கள் போயின, மிச்சம் 19. விதிப்படி வேண்டிய எண்ணிக்கையே தேறவில்லை. அதற்குப் பிறகு புளூடூத், வைஃபை அலை ஓய்கிற இடைவெளிகளில்தான் புகுந்து வர வேண்டும்.

இசையை அனுப்பும் முறைக்கு ஏ2டிபி என்று பெயர். அதில் ஒரு பொட்டலம் போய்ச் சேராவிட்டால் அதையே திரும்ப அனுப்புவார்கள். தரம் குறையாது, ஆனால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்பீக்கர் தயாரிப்பாளர்கள் உள்ளே தாராளமாக பஃபர் வைக்கிறார்கள். கணினியில் பாட்டு தொடங்கிய கணத்திலிருந்து கணக்கிட்டால், பைப்வயர் என்னும் ஒலிச் சேவகம் தன் இயல்பான அமைப்பில் 1024 மாதிரிகளை ஒரு கொத்தாக எடுக்கிறது. விநாடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் இது 21 மில்லி விநாடி. பிறகு எஸ்.பி.சி. என்ற கோடெக் 128 மாதிரிகளை ஒரு சட்டமாகச் சுருக்குகிறது. சட்டத்துக்கு 3 மில்லி விநாடிகூட ஆகாது. அப்படி ஐந்து சட்டங்கள் சேர்ந்து ஒரு பொட்டலமாகக் கிளம்பினால் சுமார் 15 மில்லி விநாடி. இவற்றையெல்லாம் கூட்டினாலும் 50-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் நாம் கேட்கும் தாமதமோ 150, 200 மில்லி விநாடி. மீதி முழுவதும் ஸ்பீக்கருக்குள்ளே இருக்கிறது. லினக்ஸில் எந்தக் கோப்பைத் திருத்தினாலும் அந்தத் தொட்டியின் அளவைத் தொட முடியாது.

அப்படியானால் அதே ஸ்பீக்கரைக் கைபேசியோடு இணைத்தால் மட்டும் உதடும் சொல்லும் எப்படி ஒத்துப்போகின்றன? அங்கேயும் ஒலி தாமதமாகத்தான் வருகிறது. படத்தையும் அதே அளவு தாமதப்படுத்தி நம்மை ஏமாற்றுகிறார்கள், அவ்வளவுதான். இந்த ஏமாற்றுக்கு ஒரே ஒரு தகவல் தேவை: ஸ்பீக்கர் எவ்வளவு பிந்துகிறது? அதை ஸ்பீக்கரே சொல்வதற்கு ஏ2டிபியில் வழி இருக்கிறது. சொல்லும் ஸ்பீக்கர்களிடமிருந்து லினக்ஸின் புளூடூத் அடுக்கான புளூஇசட் அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்கிறது, பத்தில் ஒரு மில்லி விநாடிக் கணக்கில். பைப்வயர் அதை வீடியோ பிளேயருக்கும் பிரவுசருக்கும் சொல்கிறது. அவை படத்தை நிறுத்தி வைத்துக் காட்டுகின்றன. தொல்லை தருபவை, ஒன்று, எதுவும் சொல்லாத மலிவு ஸ்பீக்கர்கள். இன்னொன்று, உண்மையைச் சொல்லாத ஸ்பீக்கர்கள். இரண்டாவது வகை கொஞ்சம் மோசம். 150 என்று சொல்லிவிட்டு 280 எடுத்துக்கொள்ளும்.

மருந்து எளிது. ஸ்பீக்கர் சொல்லாததை நாம் சொல்லிவிட வேண்டும். ‘பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல்’ என்ற சிறு நிரலில் அவுட்புட் சாதனங்கள் பக்கத்துக்குப் போய், புளூடூத் ஸ்பீக்கருக்குக் கீழே ‘அட்வான்ஸ்ட்’ என்பதை விரித்தால் தாமதத் திருத்தம் என்று ஒரு எண் கட்டம் இருக்கும். பைப்வயர் ஓடும் கணினியிலும் இந்த நிரல் வேலை செய்யும். அதில் 100 என்று இட்டுப் படத்தைப் பாருங்கள், போதாவிட்டால் 150. ஒரே ஒரு படத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் அமைப்பைத் தொடவே வேண்டாம். விஎல்சியில் ‘ஜே’ விசையை ஒவ்வொரு முறை தட்டும்போதும் ஒலி 50 மில்லி விநாடி முன்னே வரும், ‘கே’ பின்னே தள்ளும். எம்பிவி பிளேயரில் கண்ட்ரோலும் கழித்தல் குறியும் சேர்ந்தால் ஒரே தட்டில் 100 முன்னே வரும்.

மில்லி விநாடி சுத்தமாகப் பொருந்த வேண்டும் என்று மெனக்கெட வேண்டியதில்லை. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக 1998-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரை ஒன்று, நம் மூளை எவ்வளவு பிசகைக் கண்டுபிடிக்கும் என்று அளந்து சொல்கிறது. படத்தைவிட ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம், இயற்கையில் ஒலி என்றைக்கும் ஒளியை முந்தியதில்லை என்பதுதான். அக்கரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்க்கிறோம்; கை மேலே போன பிறகுதான் சத்தம் வருகிறது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால் 34 மீட்டருக்குப் பத்தில் ஒரு விநாடி. அந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ள மூளை பழகியிருக்கிறது. ஆகவே திருத்தத்தை மிகைப்படுத்தி ஒலியை முந்தவிடுவதைவிடக் கொஞ்சம் குறைவாக வைப்பதே நல்லது.

இனி வெடிப்பு. முதலில் அது ஏன் வெடிப்பாகக் கேட்கிறது என்பதே சுவையான சங்கதி. பதினைந்து மில்லி விநாடி இசை காணாமல் போனால் பதினைந்து மில்லி விநாடி அமைதிதானே கேட்க வேண்டும்? ஒலி என்பது வளைந்து வளைந்து போகும் கோடு. கோடு உச்சியில் இருக்கும்போது தரவு நின்றுவிட்டால் ஸ்பீக்கரின் கூம்பு சட்டென்று நடுநிலைக்கு விழுகிறது. தரவு திரும்ப வந்ததும் சட்டென்று எழுகிறது. இப்படிச் செங்குத்தாக வெட்டிய ஒரு விளிம்பை ஃபூரியேவின் கணிதத்தால் பிரித்துப் பார்த்தால் அதில் அடித்தொனி முதல் கீச்சொலி வரை எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். காதுக்கு அது ஒரு தட்டல். மெல்லிய வீணையொலியின் நடுவே வந்தால் எரிச்சலாக இருக்கும். பறையொலியின் நடுவே வந்தால் கவனிக்கவே மாட்டோம். நல்ல ஸ்பீக்கர்கள் தரவு தீரப்போவதை உணர்ந்து ஒலியைச் சரிவாக இறக்கிவிடும், அதனால் வெடிப்புக்குப் பதில் சிறு மௌனம் கேட்கும். ஆகவே ‘என் ஸ்பீக்கரில் வெடிக்கிறது, நண்பருடையதில் வெடிக்கவில்லை’ என்பது அவருடைய அலைவரிசை சுத்தமானது என்பதற்குச் சான்றாகாது.

எப்போது வெடிக்கிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. பாட்டு தொடங்கும் கணத்தில் ‘டொப்’, நிறுத்திச் சில விநாடி கழித்து இன்னொரு ‘டொப்’, நடுவில் ஒன்றுமில்லை என்றால் ரேடியோவை நோண்ட வேண்டாம். ஒலி எதுவும் இல்லாமல் ஐந்து விநாடி போனால் பைப்வயரின் மேலாளரான வயர்பிளம்பர் அந்த வழியை உறங்கப் போட்டுவிடும். மின்சாரம் மிச்சம் என்பது நோக்கம். ஸ்பீக்கரின் ஆம்ப்ளிஃபயர் அப்போது அணைந்து, அடுத்த ஒலிக்கு மீண்டும் விழிக்கிறது, விழிக்கும்போது டொப். அறிவிப்பு மணியின் முதல் பாதி விழுங்கப்படுவதும் இதனால்தான். வயர்பிளம்பரின் அமைப்பில் அந்தச் சாதனத்துக்கு உறக்க நேரத்தைச் சுழியம் ஆக்கினால் உறங்காது. ஒரு எச்சரிக்கை: 2024-இல் வந்த 0.5 பதிப்பில் வயர்பிளம்பர் தன் அமைப்புக் கோப்புகளின் வடிவத்தை லுவா மொழியிலிருந்து வேறொன்றுக்கு மாற்றிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து எழுதிய கோப்பைப் புதிய பதிப்பு கண்டுகொள்ளவே கொள்ளாது.

சத்தமான இடங்களில் மட்டும் கரகரப்பு என்றால் வால்யூமைப் பாருங்கள். நோம் மேசைத்தளத்தில் 100 விழுக்காட்டுக்கு மேல் ஒலியைக் கூட்டும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டு மறந்தவர்கள் நிறைய. எண்களின் உச்சவரம்பைத் தாண்டிய அலையின் முகடு வெட்டுப்படுகிறது. புளூடூத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இவை இரண்டும் இல்லை, பாட்டின் நடுவே கண்ட நேரத்தில் வெடிக்கிறது என்றால் இரண்டு சந்தேக ஆசாமிகள்: கணினி, காற்று. கணினி நேரத்துக்குத் தரவு தரவில்லையா, தந்தது காற்றில் சிக்கியதா? இதைப் பிரித்தறிய பைப்வயரோடு கூடவே வரும் ‘பிடபிள்யூ-டாப்’ என்ற கருவி போதும். டெர்மினலில் ஓடவிட்டால் ஒவ்வொரு ஒலிச் சாதனமும் ஒரு வரியாகத் தெரியும். அதில் பிழை எண்ணிக்கை ஒரு பத்தி. வெடிக்கும்போதெல்லாம் அந்த எண் ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கணினி. வெடித்துக்கொண்டே இருக்கிறது, எண் அசையவில்லை என்றால் காற்றைப் பாருங்கள். ஐந்து நிமிடம் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஐம்பது கட்டளைகளை ஒட்டிப் பார்ப்பதைவிட மேல்.

கணினிதான் என்றால் கொத்தின் அளவைக் கூட்டலாம். 1024-ஐ 2048 ஆக்கினால் கூடுதல் தாமதம் 21 மில்லி விநாடிதான். ஏற்கெனவே 200 இருக்கும் இடத்தில் அது யாருக்கும் தெரியாது. பைப்வயரில் இதைத் தற்காலிகமாகச் செய்து பார்க்கவும் வழி உண்டு, பிடிக்காவிட்டால் மறுதொடக்கத்தில் பழையபடி ஆகிவிடும். சில விளையாட்டுகளும் இசை நிரல்களும் தங்களுக்கு 64, 128 என்று மிகச் சிறிய கொத்து வேண்டும் என்று கேட்டு, அந்த அவசரத்தை எல்லார் தலையிலும் கட்டிவிடும். அவை திறந்திருக்கும்போது மட்டும் வெடிப்பு வந்தால் குறைந்தபட்ச அளவை உயர்த்தி வைப்பதே தீர்வு.

காற்றுதான் என்றால் இன்னும் சுவாரசியம். பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் உட்கார்ந்து ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது புளூடூத்துக்குக் கிடைக்கும் முறை குறைகிறது. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். என் கணிப்பில் பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். இரண்டாவது, யூஎஸ்பி 3. அதன் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளும் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகியிருக்கும் துளைக்குப் பக்கத்துத் துளையில் புளூடூத் டாங்கிளைச் செருகினால் அடைப்புதான். ஒரு முழ நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைத் தள்ளி வைத்தால் போதும். மூன்றாவது, நாம். மனித உடலில் பெரும்பகுதி நீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் நன்றாக உறிஞ்சும். பொதுவான இரண்டாம் வகுப்புச் சாதனத்தின் சக்தி 2.5 மில்லிவாட்தான், கணினிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அதில் கணிசமாக நாமே விழுங்கிவிடுகிறோம்.

நான்காவது கொஞ்சம் வேடிக்கை. கோளாறு என்றதும் புளூடூத் அமைப்புப் பக்கத்தைத் திறப்போம். நோமில் அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரை கணினி அக்கம்பக்கத்தில் புதுச் சாதனம் ஏதும் உண்டா என்று தேடிக்கொண்டே இருக்கும். தேடுவதும் பாட்டு அனுப்புவதும் ஒரே ரேடியோ. கவனித்துப் பார்க்கத் திறந்த பக்கமே வெடிப்பை அதிகமாக்கும், மூடினால் அடங்கும்.

உயர்தரக் கோடெக் என்றால் ஒலி சீராக வரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நெரிசலான காற்றில் நடப்பது நேரெதிர். எஸ்.பி.சி. வழக்கமாக விநாடிக்கு 328 கிலோபிட் கேட்கிறது. எல்டாக் என்ற உயர்தரக் கோடெக் அதன் உச்ச நிலையில் 990. பொட்டலம் தொலைந்தால் திரும்ப அனுப்ப இடம் வேண்டும். சாலை முழுதும் 990-ஆல் நிரம்பியிருந்தால் அந்த இடம் ஏது? வெடிப்பு நிற்காவிட்டால் கோடெக்கை ஒரு படி இறக்கிப் பாருங்கள். சாதாரண மேசை ஸ்பீக்கரில் வித்தியாசம் கேட்பது கடினம்.

திடீரென்று ஒலி தகர டப்பாவிலிருந்து வருவதுபோல ஆனால் அது வேறு விவகாரம். காணொளிக் கூட்டத்துக்கான செயலி ஸ்பீக்கரின் மைக்கைக் கேட்டிருக்கும். ஏ2டிபி ஒருவழிப் பாதை, மைக்கைச் சுமக்காது. ஆகவே இணைப்பு தொலைபேசிக்கான எச்.எஃப்.பி. முறைக்குத் தாவுகிறது. விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள், ஒற்றை ஒலிப்பாதை. தாமதம் என்னவோ குறைவுதான், ஏனென்றால் அங்கே நேரத் துண்டுகள் முன்கூட்டியே ஒதுக்கப்படுகின்றன. கணினியின் சொந்த மைக்கை உள்ளீடாகத் தேர்ந்தால் இசை திரும்பிவிடும்.

பழைய குறிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தீராது. லினக்ஸின் ஒலியைப் பல ஆண்டுகள் நடத்தியது, லெனார்ட் போட்டரிங் 2004-இல் தொடங்கிய பல்ஸ்ஆடியோ. விம் டெய்மன்ஸ் உருவாக்கிய பைப்வயர் 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34-இலும், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10-இலும் அதன் நாற்காலியில் உட்கார்ந்தது. இணையத்தில் இன்றும் சுற்றும் அறிவுரைகளில் பெரும்பகுதி பல்ஸ்ஆடியோ காலத்தவை. அதன் அமைப்புக் கோப்பைத் திருத்துங்கள் என்பார்கள். பைப்வயர் அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. நேரக்கணிப்பு முறையை அணைக்கச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வரி மருந்து, கணினிக்குள் இருக்கும் ஒலி அட்டைக்கானது. புளூடூத்துக்கு அது அன்றைக்கும் உதவியதில்லை. உங்கள் கணினியில் ஓடுவது எது என்று முதலில் ‘பேக்டில் இன்ஃபோ’ கட்டளையால் பார்த்துவிடுங்கள். சேவகத்தின் பெயரில் பைப்வயர் என்று வந்தால் பழைய குறிப்புகளை ஒதுக்கலாம்.

எல்லாம் சரிசெய்த பிறகும், நீண்ட நேரம் பாட்டு ஓடும்போது எப்போதாவது ஒரே ஒரு வெடிப்பு கேட்கலாம். கணினிக்கு ஒரு படிகக் கடிகாரம், ஸ்பீக்கருக்கு இன்னொன்று. இரண்டும் அச்சாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகல். ஸ்பீக்கரின் பஃபர் முழுவதையும் காலி செய்ய அல்லது வழியவிட இது போதும். தன் வேகத்தை நுட்பமாக மாற்றி இதை ஈடுகட்டுவது ஸ்பீக்கரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அரைகுறையாகச் செய்யும் ஸ்பீக்கரோடு சண்டை போட லினக்ஸில் ஆயுதம் கிடையாது.

கீபோர்டு வாசிப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் மேலே சொன்ன திருத்தம் எதுவும் உதவாது. படத்தைக் காக்க வைக்கலாம். விரலைக் காக்க வைக்க முடியாது. விசையை அழுத்தி ஐந்தில் ஒரு விநாடி கழித்து வரும் சுரத்தை வைத்து யாரும் தாளத்தில் நிற்க முடியாது. 2020-இல் வெளியான புளூடூத் 5.2 இதற்கான தீர்வுக்கு அடித்தளம் போட்டது. எல்இ ஆடியோ என்ற அந்தப் புதிய முறையில் ஒலிக்கென நேரத் துண்டுகள் முன்பே ஒதுக்கப்படுகின்றன. எத்தனை மில்லி விநாடி கழித்து ஒலிக்க வேண்டும் என்பதை அனுப்புபவரும் பெறுபவரும் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்கிறார்கள். எல்சி3 என்ற கோடெக் 10 அல்லது 7.5 மில்லி விநாடித் துண்டுகளில் வேலை செய்கிறது. புளூஇசட்டிலும் பைப்வயரிலும் இதற்கான வேலை நடந்துவருகிறது. ஆனால் மென்பொருள் மட்டும் போதாது, கணினியின் புளூடூத் சில்லும் ஸ்பீக்கரும் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். பெட்டியில் ‘5.2’ என்று அச்சிட்டிருப்பதே அதற்கு உத்தரவாதமாகாது. எல்இ ஆடியோ என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லாதவர்கள் ஸ்பீக்கரின் பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம். பலவற்றில் ரப்பர் மூடிக்கு அடியில் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும்.